பி ஒபிற்றலில் வரும் கூட்டல், கழித்தல்

உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. அணுவில் இலத்திரன் இருக்கக்கூடிய பகுதியைக் காட்டும் உருவம்தான் ஒபிற்றல். 2பி ஒபிற்றலின் இரண்டு குமிழ் போன்ற பாதிகளில், அதாவது சோணைகளில், ஒன்றில் கூட்டலும் மற்றதில் கழித்தலும் இருப்பதைக் கண்டு, அதை மின்னேற்றம் என்று எழுதிவிடாதீர்கள். அது அலைச்சார்பின், அதாவது இலத்திரனை அலையாக விவரிக்கும் கணிதச் சார்பின், குறி.

கல்லடிக் கடற்கரைக்குப் போனால் ஒரு தோணிக் கயிற்றை இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்து, நடு அசையாமல் இரண்டு வளைவாக ஆட்டிப் பாருங்கள். ஒரு பாதி மேலே எழும்பும்போது மற்றப் பாதி கீழே இறங்கும். அந்த மேல், கீழ்தான் குறி. அசையாத நடுப்புள்ளி கணு. 2பி ஒபிற்றலில் அந்தக் கணு, கருவினூடாகச் செல்லும் ஒரு தளம்.

சரி, இலத்திரன் எங்கே? அலைச்சார்பின் வர்க்கம்தான் ஓரிடத்தில் அதைக் காணும் நிகழ்தகவு அடர்த்தி என்று 1926இல் மக்ஸ் போர்ண் விளக்கினார். வர்க்கித்ததும் கழித்தல் போய்விடும். இரு சோணைகளுக்கும் நிகழ்தகவு சமன்.

அப்படியென்றால் குறி எதற்கு? பிணைப்புக்கு. நான் எப்போதும் கூட்டலுக்கு நீலம், கழித்தலுக்குச் சிவப்பு என்று பேனாவால் தீட்டிக்கொள்வேன். இரு அணுக்களின் ஒரே நிறச் சோணைகள் மேற்பொருந்தினால் பிணைப்பு, வேறு நிறமென்றால் எதிர்ப்பிணைப்பு, அதாவது பிணைப்பைப் பலவீனமாக்கும் நிலை.