“சேர், மூலம் எங்க முடியுது?”: பார்வையற்ற பிள்ளைக்குக் கணிதம் தயாரிக்கும் முறை

கிளிநொச்சியில் என்னிடம் கணிதம் படித்த தரம் 10 பிள்ளை ஒருத்திக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ஒருநாள் “வர்க்கமூலம் 9 கூட்டல் 16” என்று வாசித்தேன். அவள் 19 என்றாள். பிழை என்றேன். “சேர், மூலம் எங்க முடியுது எண்டு நீங்கள் சொல்லேல்லையே” என்றாள்.

அவள் கேட்டது நியாயம். √ குறியின் மேற்கோடு 9 உடன் நின்றால் விடை 19, 16 வரை நீண்டால் 5. கோடு என் கண்ணுக்குத் தெரிந்ததால் அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. போர் எத்தனையோ பேரின் பார்வையைப் பறித்த மண் இது. இங்கே கணிதம் படிப்பிக்கிற எல்லாரும் இந்த வேலையைப் பழகிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

படி 1: எல்லையைச் சொல்லுங்கள்

“வர்க்கமூலம் தொடக்கம், 9 கூட்டல் 16, வர்க்கமூலம் முடிவு.” பின்னமும் அப்படித்தான்: “பின்னம் தொடக்கம், 6 கூட்டல் 4, கீழே 2, பின்னம் முடிவு.” எல்லை சொல்லாவிட்டால் இதன் விடை 5 ஆ, 8 ஆ என்று பிள்ளை தடுமாறும். இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. பார்வையற்ற அமெரிக்கக் கணிதவியலாளர் ஏபிரகாம் நெமெத் 1952 இல் வெளியிட்ட பிரெய்ல் கணிதக் குறிமுறையிலேயே பின்னத்துக்குத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் உண்டு.

எந்தச் சொற்கள் என்று பிள்ளையோடு பேசி முடிவெடுங்கள். பிறகு மாற்ற வேண்டாம். வீட்டில் வாசித்துக் காட்டும் அம்மாவும் அண்ணாவும் அதே சொற்களைத்தான் சொல்ல வேண்டும்.

படி 2: படமாக அனுப்பாதீர்கள்

வினாத்தாளைப் போனில் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடுவது நம் வழக்கம். படத்துக்குள் இருக்கும் சமன்பாடு திரைவாசிப்பானுக்கு, அதாவது திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளுக்கு, பிடிபடாது. தட்டச்சு செய்துதான் ஆக வேண்டும். அதிலும் ஒரு கவனம்: சாதாரண வரியில் கழித்தலுக்குச் சின்னக் கோடு போட்டால், திரைவாசிப்பான் அதை வாசிக்காமல் தாண்டிவிடலாம். 5-3 என்பது “ஐந்து மூன்று” என்று காதில் விழும்.

படி 3: வேர்டின் சமன்பாட்டுப் பெட்டி

மைக்ரோசொப்ட் வேர்டில் ஆல்ட் விசையையும் சமன் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பெட்டி திறக்கும். அதற்குள் (6+4)/2 என்று தட்டி ஸ்பேஸ் அழுத்தினால், வேர்டே அடைப்பை நீக்கி மேலும் கீழுமாகப் பின்னம் ஆக்கிவிடும். அடுக்குக்கு 5^2. மூலக் குறியை மேலே உள்ள பட்டியிலிருந்து எடுக்கலாம்.

படி 4: நீங்களே கேட்டுப் பாருங்கள்

என்விடிஏ இலவசத் திரைவாசிப்பான். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006 இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கியது. சமன்பாட்டைச் சொற்களாக்கித் தரும் மேத்கேட் என்ற இலவச நீட்சி அதில் இல்லாவிட்டால், அதையும் நிறுவுங்கள். வேர்ட் 365 இன் புதிய பதிப்பாக இருந்தால் சமன்பாட்டை வாசிக்கும். என்விடிஏ விசை (வழக்கமாக இன்சர்ட்), ஆல்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பிள்ளை சமன்பாட்டுக்குள் நுழைந்து, அம்பு விசைகளால் ஒவ்வொரு பகுதியாகப் பார்க்கலாம். நீண்ட கோவையை ஒரே மூச்சில் கேட்டு யாராலும் நினைவில் வைக்க முடியாது, அதனால் இதைக் கட்டாயம் பழக்குங்கள். என் கணினியில் அது ஆங்கிலத்தில்தான் வாசிக்கிறது. தமிழில் படிக்கிற பிள்ளைக்கு ஸ்குவேர், ரூட் போன்ற பத்துப் பன்னிரண்டு சொற்களை முதலே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அனுப்பும் முன் திரையை அணைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள்.

படி 5: வரைபுக்கு விரல்

வரைபைக் குரலில் சொல்லி விளங்க வைப்பது கடினம். தடித்த அட்டை ஒன்றில் விளக்குமாற்று ஈர்க்கு இரண்டை அச்சுகளாக ஒட்டுங்கள். புள்ளிக்கு நெல்மணி, வளையிக்குச் சணல் நூல். பசை நன்றாகக் காய வேண்டும், அவசரப்பட்டால் நூல் விரலோடு வந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு முதலில் ஒரு பரவளைவு செய்து கொடுத்தேன். இரண்டு கைகளின் சுட்டுவிரல்களையும் இரு புயங்களிலும் வைத்து, ஒரே நேரத்தில் கீழே இறக்கினாள். விரல்கள் முட்டிய இடத்தில் நிறுத்தி, “திரும்பற் புள்ளி இதுதானே, சேர்?” என்றாள்.