பழைய மைக்ரோமீட்டரா? முதலில் எமரி பேப்பரைக் கீழே வையுங்கள்

கோட்டாறு, மார்த்தாண்டம் பக்கத்து ஆக்கர் கடைகளில், எடைக்குப் போட்ட இரும்புக் குவியலில் சில சமயம் மைக்ரோமீட்டர் கிடக்கும்; தகடு, கம்பி போன்றவற்றின் தடிமனைத் துல்லியமாக அளக்கும் திருகுக் கருவி அது. சி-கிளாம்ப் என்று நினைத்து ஏதாவது தகட்டை இறுக்கிப் பிடிக்கப் பயன்படுத்துபவர்களும் உண்டு. அப்படி இறுக்கினால் உள்ளே இருக்கும் நுண்ணிய மரையும் கெடும், சட்டமும் வளையும்.

நம் ஊர்க் கடல் காற்றுக்குத் துரு கேட்கவே வேண்டாம். துருவைப் பார்த்ததும் எமரி பேப்பரைத் தேடுவதுதான் பெரிய தவறு. கம்பெனிப் பெயர், அளவுக் கோடுகள், எண்கள் என அடையாளம் சொல்லக்கூடிய எல்லாம் மேற்பரப்பில் மெலிதாகப் பொறித்தவைதான். நான்கு தேய்ப்பில் போய்விடும். பொருளைத் தொடும் இரண்டு முகங்களையும் தேய்த்துவிட்டால், அப்புறம் அது அளக்க உதவாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழந்துணியால் துடைத்தால் போதும். கடைசியில் பூச தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்கு ஏறும். தையல் மிஷின் எண்ணெய் நல்லது.

கோடு தெரிந்ததும் மில்லிமீட்டர் என்று முடிவுகட்ட வேண்டாம். இந்தியாவில் மெட்ரிக் அளவு 1958-இல்தான் படிப்படியாக வரத் தொடங்கியது. பழைய பட்டறைச் சாமான்களில் அங்குலம் ஏராளம். சுழலும் உருளையைச் சுற்றியுள்ள பிரிவுகளை எண்ணிப் பாருங்கள். 25 என்றால் பெரும்பாலும் அங்குலக் கருவி: ஒரு சுற்றுக்கு 0.025 அங்குலம் நகரும், ஒரு பிரிவு 0.001 அங்குலம். 50 என்றால் மெட்ரிக்: ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர், ஒரு பிரிவு 0.01 மில்லிமீட்டர். சட்டத்தில் 1/64, 1/32 என்று பின்னங்களும் பக்கத்தில் தசம எண்களும் பொறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அங்குலம்தான். ஆனால் அங்குலம் என்பதாலேயே அது 1958-க்கு முந்தியது ஆகிவிடாது. அந்த அளவில் இன்றும் செய்கிறார்கள்.

முழுக்கத் திருகியும் இரு முகங்களும் தொடவில்லை, எனவே ஏதோ பாகம் தொலைந்துவிட்டது என்று ஒதுக்கிவிடுவார்கள். அது ஒன்று முதல் இரண்டு அங்குலம் வரை மட்டும் அளக்கும் கருவியாக இருக்கலாம். முழுக்க மூடினாலும் ஒரு அங்குல இடைவெளி இருக்கத்தான் செய்யும். சுழியைச் சரிபார்க்க ஒரு அங்குலக் கட்டை தனியாகத் தேவை. பெட்டியோடு வாங்கினால் அந்தக் கட்டை இருக்கிறதா என்று மூலைமுடுக்கெல்லாம் தேடுங்கள். நுனியில் ராட்செட் (அளவுக்கு மீறி இறுக்காமல் நழுவிவிடும் திருகு) இல்லாததும் குறை அல்ல, பழையவற்றில் பலவற்றுக்கு அது கிடையாது.

வயதைக் கணிப்பதில்தான் ஆசை அதிகம் விளையாடும். பேட்டன்ட் தேதி பொறித்திருந்தால் கருவி அந்த வருஷம் செய்தது என்று அர்த்தமில்லை. அதற்குப் பிறகு செய்தது, அவ்வளவே. கம்பெனிப் பெயரும் அப்படித்தான். ஷெஃபீல்டின் மூர் அண்ட் ரைட் 1906-இல் தொடங்கியது, அமெரிக்காவின் ஸ்டாரெட் 1880-இல். அதற்கு முந்தியது இல்லை என்று மட்டும் சொல்லலாம். பெட்டி மேல் உள்ள பெயரை நம்பவே வேண்டாம், பெட்டி மாறுவது சகஜம்.

இத்தனைக்கும் பிறகு பிடிபடவில்லையா? குளச்சல், முட்டம் பக்கம் படகு எஞ்சின் வேலை பார்க்கும் பழைய லேத்காரரிடம் காட்டுங்கள். "அண்ணே, இது எத்தனை வருஷப் பழசு?" என்று கேட்காதீர்கள். "இதை வைத்து என்ன அளப்பீங்க?" என்று கேளுங்கள்.