ஆழ்கடல் சுறாவை 'இதர சுறா' என்று எழுதாதீர்கள்

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்கு நடுவே, கரைக்கு வரும் மீன்களைப் புதிதாகக் கணக்கெடுக்க வந்த மாணவர்கள் நோட்டை நீட்டினார்கள். என் பழைய நோட்டைத் திரும்பப் பார்த்தது போலிருந்தது. தேதி விட்டுப்போவது, எண்களை மாற்றி எழுதுவதெல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஆழ்கடல் சுறாவில் விடும் தவறுகள் அப்படியல்ல.

எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதுவது

ஆழ்கடல் சுறாக்களில் கல்பர் (சென்ட்ரோபோரஸ்), ஸ்குவாலஸ் என்று இரண்டு வகை உண்டு. இரண்டையும் பக்கத்தில் கிடத்தினால் முதல் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டுக்கும் முதுகுத் துடுப்புகளின் முன்னால் முள் உண்டு, குதத் துடுப்பு கிடையாது. 'இதர சுறா, 40 கிலோ' என்று எழுதிவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரைச்சரிவில் 1976-77ல் ஆய்வுக் கப்பல் இழுவலை போட்ட இடங்களில் 1996-97ல் மறுபடியும் போட்டுப் பார்த்தார்கள். கல்பர் இனங்கள் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தன. ஸ்குவாலஸில் ஓர் இனம் மட்டும் அப்போதும் ஏராளமாகக் கிடைத்தது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதியிருந்தால் கல்பரின் அந்த வீழ்ச்சியில் பெரும்பகுதி மறைந்துபோயிருக்கும்.

கல்பர் மெதுவாக வளர்ந்து தாமதமாக முதிரும் மீன். ஒரு ஈற்றில் ஒன்றிரண்டு குட்டிகள் மட்டுமே போடும் இனங்களும் உண்டு. ஸ்குவாலீன் என்ற எண்ணெய்ப்பொருள் நிறைந்த ஈரல் எண்ணெய்க்காகப் பிடிக்கத் தொடங்கினால் எண்ணிக்கை லேசில் மீளாது. மாலத்தீவில் 1980ல் தொடங்கிய கல்பர் பிடிப்பு சுமார் இருபது ஆண்டுகளில் படுத்துவிட்டது. பெரிய கல்பர் இனமான சென்ட்ரோபோரஸ் கிரானுலோசஸ் இன்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனம்.

பிரித்தறிய அரை நிமிடம் போதும். கல்பரின் மார்புத் துடுப்பில் உள்முனை பின்னோக்கி நீண்டு கூராக இருக்கும். ஸ்குவாலஸுக்கு வாலின் அடித்தண்டில் இருபக்கமும் மேடாக ஒரு வரி ஓடும். என் முதல் ஆண்டு நோட்டில் இப்படிப் பிரிக்காத பக்கங்கள் ஏராளம். அந்த மீன்கள் ஏலம் போய், ஐஸோடு வண்டியேறிவிட்டன. எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அந்த வரிகளை இனி பிரிக்க முடியாது.

சின்னதென்றால் குட்டி என்பது

ஒரு மீட்டரைக்கூட எட்டாமல் முதிரும் கல்பர் இனங்கள் உண்டு. ஆண் என்றால் வயிற்றுத் துடுப்பருகே இருக்கும் புணர் உறுப்பைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் முதிர்ந்தது.

ஈரல் எடுத்த மீனை முழு எடையாகப் போடுவது

போடாதீர்கள். ஈரலே உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாம்.

ஆழத்தைக் கேட்காமல் வருவது

கூடையைப் பார்த்து, மீன் பிடித்த ஆழத்தை ஊகிக்க வேண்டாம். படகு டிரைவர் அண்ணனிடமே கேளுங்கள், ஏலம் முடிந்து அவர் டீ குடிக்கும் நேரத்தில். பாகக் கணக்கில்தான் சொல்வார். ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர். அங்கேயே மனக்கணக்குப் போடாமல், சொன்ன எண்ணை அப்படியே எழுதி, பக்கத்தில் 'பாகம்' என்று குறித்துக்கொள்ளுங்கள்.