வெயிலில் வெந்த காருக்குக் கதவே விசிறி

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏசியைப் போடாதீர்கள். இடப்பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஓட்டுநர் பக்கக் கதவை ஐந்தாறு முறை விசிறி மாதிரி ஆட்டுங்கள். அடித்துச் சாத்த வேண்டாம். கதவு வெளியே போகும்போது உள்ளே அடைந்த அனலை இழுத்துக்கொண்டு போகும், எதிர்ப்பக்கம் வெளிக்காற்று புகும். முகப்பில் நின்றால் பின்வாசல் தெரிகிற நம் செட்டிநாட்டு வீடுகளின் காற்றோட்டமும் இதே கணக்குதான். வெளியே 40 டிகிரி என்றாலும் பூட்டிய காருக்குள் அதைவிடச் சூடு அதிகம், அதனால் அந்த அனலை முதலில் வெளியேற்றிவிட்டால் ஏசிக்கு வேலை குறையும். பார்க்கிறவர்கள் காரோடு சண்டை போடுகிறோம் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும்.

ஸ்டீயரிங்கும் சீட்டும் இதனால் ஆறாது, அதற்குத் துண்டுதான். காரைக்குடிக் கடைவீதியில் பைக்குகள் ஒட்டி நிற்கும்போது கதவை ஆட்டினால் சண்டை நிஜமாகவே வரும். நிழலில் நின்ற காருக்கோ வெறும் கைவலி.