பெட் ஸ்கேனைக் கெடுக்கும் சின்னத் தவறுகள்

உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்து மதுரைக்கு, புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுக்க வருகிறவர்கள், வெறும் வயிறு என்றால் இட்லி கூடாது என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் குடிக்கும் காப்பி கணக்கில் வருவதே இல்லை.

ஊசியில் ஏற்றும் எஃப்.டி.ஜி., கதிரியக்க ஃபுளூரின்-18 சேர்ந்த ஒருவகைச் சர்க்கரை. புற்றணுக்கள் அதை அதிகம் இழுப்பதால்தான் படத்தில் ஒளிர்கின்றன. காப்பிச் சர்க்கரை உள்ளே போனால் இன்சுலின் சுரந்து, மருந்தைத் தசைகளுக்குள் தள்ளிவிடும், கட்டி மங்கிப்போகும். குறைந்தது 4 மணி நேரம், பல மையங்களில் 6 மணி நேரம், தண்ணீர் மட்டும்தான். ரத்தச் சர்க்கரையை இறக்கிக் காட்டுவதற்காக, ஸ்கேன் ஊசிக்குச் சற்று முன் தாமாக இன்சுலின் போட்டுக்கொள்வது இன்னும் மோசம். நீரிழிவுள்ளவர்கள் எந்த மருந்தை எப்போது எடுப்பது என்று முன்பதிவின்போதே மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் தசையும் சர்க்கரையை இழுக்கும். முந்தின நாள் மூட்டை தூக்க வேண்டாம். ஊசிக்குப் பின் சுமார் ஒரு மணி நேரம் காத்திருக்கையில் வெற்றிலை மென்றால் தாடை ஒளிரும். போனில் பேசினால் குரல்வளை ஒளிரும். ஏ.சி. குளிரில் நடுங்கினால் கழுத்தோரப் பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்து, நிணநீர்க் கணுவில் நோயோ என்று குழப்பும். தயங்காமல் போர்வை கேளுங்கள்.

என் மனம் ஆறாதது எடை விஷயத்தில்தான். கட்டி எவ்வளவு மருந்தை இழுத்தது என்று காட்டும் எஸ்.யு.வி. என்ற எண்ணை நோயாளியின் எடையை வைத்தே கணக்கிடுகிறார்கள். கீமோவில் 62 கிலோவிலிருந்து 55 கிலோவுக்கு இளைத்தவர் பழைய எடையைச் சொல்ல, அதையே எழுதிக்கொண்டால் எண் சுமார் 13 சதவீதம் கூடிவிடும். சிகிச்சை பலித்திருந்தாலும் அறிக்கை அதைக் குறைத்துக் காட்டும். எடை மெஷினில் ஏற்றிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பணியாளர் கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்டு ஏறி நில்லுங்கள். மருந்தை அளக்கும் அறையின் கடிகாரமும் ஸ்கேனரின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். ஃபுளூரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால், 10 நிமிடம் பிசகினாலே இந்த எண் 6 சதவீதம் தவறும். ஊசி போட்ட இடம் வீங்கினாலோ எரிந்தாலோ உடனே சொல்லுங்கள். மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்திருக்கலாம்.

சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். மூச்சை ஆழ இழுத்து அடக்காமல், சொன்னபடி சீராக விடுங்கள். கூடவே எடுக்கும் சி.டி. ஸ்கேன் சில நொடிகளில் முடிகிறது, பெட் பல நிமிடங்கள் ஓடுகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் ஈரலின் உச்சியில் உள்ள புள்ளி நுரையீரலில் இருப்பதுபோல் தெரியும்.

அடுத்த முறையும் முடிந்தவரை அதே மையம், அதே இயந்திரம், அதே காத்திருப்பு நேரம். மையத்தை மாற்றினால் தாள் அறிக்கையோடு பழைய படங்கள் பதிந்த குறுந்தட்டையும் கொண்டுபோங்கள்.