சேத்து மணத்தை வச்சு முடிவு கட்டாதீங்க

திருகோணமலை கொட்டியாரக்குடாப் பக்கம் கண்டல் காட்டுக்குள்ள இறங்கினா அழுகின முட்டை மணம் அடிக்கும், உடனே இது மெதேன், பூமியைச் சூடாக்குற வாயு, சூழலுக்குக் கூடாது, மண்ணைக் கொட்டி நிரப்புங்க எண்டு கனபேர் கதைக்கிறாங்க. மெதேனுக்கு மணமே இல்ல. அது ஐதரசன் சல்பைட்டு. கடல் தண்ணியில உள்ள சல்பேற்றைப் பாவிச்சு வாழுற பக்டீரியா விடுற வாயு, அதுகள் இருக்கிற இடத்தில மெதேன் உண்டாக்குற நுண்ணுயிருக்குச் சாப்பாடு மிஞ்சாது, அதால உப்புத்தண்ணி ஏறி இறங்குற சேத்தில மெதேன் பொதுவாக் குறைவு.

இது விளங்காமத்தான் ரோட்டையோ அணையையோ போட்டு கடல் தண்ணி வாற வழிய அடைக்கிறாங்க. உள்ளுக்க மழைத்தண்ணி மட்டும் தேங்கினா சல்பேற்று தீந்துபோகும், மெதேன் கூடும். தண்ணி போய் வர மதகு வைங்க, தயவுசெய்து.

கறுப்பாக் கிடக்கிற சேறெல்லாம் பீட்டும் இல்ல. செத்த செடியும் வேரும் தண்ணிக்குள்ள ஒட்சிசன் இல்லாம முழுசா உக்காமச் சேந்ததுதான் பீட், கொழும்புக்கு வடக்க இருக்கிற முத்துராஜவெல சதுப்பில அது இருக்கு. எங்கட குடாவில மகாவலி கொண்டாற வண்டலும் களியும் கலந்திருக்கு, அங்கத்தக் காபன், வாயுக் கணக்கை இங்க அப்பிடியே போட ஏலாது. பீட்டுக்குள்ளயும் வித்தியாசம் இருக்கு: மரக்கட்டை, வேர் கூடினதில லிக்னின் (மரத்தை உறுதியாக்குற பொருள்) கூட, அதை உடைக்கிறது நுண்ணுயிருக்குக் கஷ்டம், புல்லும் இளசான இலையும் உக்கினது கெதியில வாயுவாகும். காபன் வீதத்தை மட்டும் பாத்தா இது தெரியாது, நைதரசனையும் பாக்கோணும். தம்பலகாமம் மாதிரி வயல் சூழ்ந்த இடத்தில யூரியாவில உள்ள நைதரசன் கழுவிக்கொண்டு வந்தா நைட்ரஸ் ஒக்சைட் வரலாம், அது 100 வருசக் கணக்கில காபனீரொட்சைட்டை விட 270 மடங்கு அளவில சூடாக்கும்.

எல்லாத்திலயும் மோசமானது, மெதேன் வருது எண்டு பீட் நிலத்தில தண்ணிய வடிக்கிறது. உலக நிலப்பரப்பில பீட் 3 வீதம் அளவுதான், ஆனா காடுகளில நிக்கிற மரஞ்செடி எல்லாத்தையும் விடக் கூடக் காபன் அதுக்குள்ள கிடக்கு. தண்ணி இறங்கினா ஒட்சிசன் உள்ள போய், ஆயிரக்கணக்கான வருசமாச் சேந்தது காபனீரொட்சைட்டா வெளிய வரும், நிலமும் தாழும், பிறகு வெள்ளம் நிக்கும். மெதேன் காத்தில 12 வருசம் அளவுதான் நிக்கும், காபனீரொட்சைட்டு நூற்றாண்டுக் கணக்கா நிக்கும்.

சேத்து வாயுவை அளக்கிற பிள்ளைகளுக்கும் ஒண்டு: ஓகஸ்ட் வெயிலில மட்டும் போய் அளந்துபோட்டு வருசக் கணக்கு எழுதாதீங்க. ஒக்டோபருக்குப் பிறகு வாடைமழை விழுந்தா உப்பும் தண்ணி மட்டமும் மாறிடும், அப்பவும் போய் அளக்கோணும், மேல்மண்ணை மட்டும் சுரண்டாம ஆழத்திலயும் எடுக்கோணும்.