பீரங்கி மருந்து: எங்கெல்லாம் தப்பாகப் புரிந்துகொள்கிறோம்

பீரங்கிக் குண்டை வெளியே தள்ளுகிற மருந்து வெடித்துத் தள்ளுவதில்லை, எரிந்து தள்ளுகிறது. பலரும் முதலில் தவறுவது இங்கேதான். டிஎன்டி போன்ற வெடிபொருளில் அதிர்வலை ஓடி, அதுவே வெடிப்பைப் பரப்பும். உந்துமருந்துத் துண்டோ மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காக எரியும். வெட்டவெளியில் அது எரிகிற வீடியோவைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று அசட்டையாக இருப்பது அடுத்த தவறு. அடைபட்ட இடத்தில் வாயு வெளியேற வழியில்லை. அழுத்தம் ஏறினால் எரியும் வேகமும் ஏறும், அந்த வேகம் அழுத்தத்தை இன்னும் ஏற்றும். ஆய்வுக்கூடங்களில் தடித்த எஃகுக் கலனுக்குள் மூடி எரித்துப் பார்ப்பது இதனால்தான்.

பழைய மருந்து வீரியம் குறைந்து சாதுவாகிவிடும் என்ற நம்பிக்கைதான் இருப்பதிலேயே மோசமானது. இந்த மருந்தின் முக்கியப் பொருளான நைட்ரோசெல்லுலோஸ் சும்மா இருக்கும்போதே மெல்லச் சிதைகிறது. அதில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் சிதைவை மேலும் விரைவாக்கும். கூடவே சூடும் பிறக்கும். ஈர வைக்கோல் போர் உள்ளுக்குள் வெந்து தீப்பிடிப்பதைப் போல, பெரிய குவியலில் அந்தச் சூடு தங்கித் தானே பற்றிக்கொள்ளலாம். 1884இல் பிரான்சின் பால் வியேல் கண்டுபிடித்த 'பூத்ர் பி' புகையற்ற மருந்துக்கு உலகமே கைதட்டியது. அப்புறம் தூலோன் துறைமுகத்தில் 1907இல் 'இயேனா', 1911இல் 'லிபெர்த்தே' என்று இரண்டு போர்க்கப்பல்கள் வெடித்தன. கெட்டுப்போன மருந்துதான் காரணம் என்று பழி அதன்மேல் விழுந்தது. டைஃபீனைலமீன் போன்ற நிலைப்படுத்திகள் அந்த ஆக்சைடுகளைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அவையும் தீர்ந்துபோகும். அதனால் எவ்வளவு மிச்சம் என்று அவ்வப்போது சோதிக்காமல் கிடங்கில் அடுக்கி வைப்பது ஆபத்து.

பழியை மருந்தின் மேல் மட்டும் போடுவதும் சரியல்ல. முதல் உலகப் போரில், பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய 1916 ஜட்லாண்ட் கடற்போரில் 'பேட்டில்குரூசர்' ரகப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூன்று வெடித்து, 3,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீலகிரியில் நம் அருவங்காட்டுத் தொழிற்சாலையின் பெயரிலேயே இருக்கிற கார்டைட் என்ற புகையற்ற மருந்துதான் அவற்றிலும் இருந்தது. வேகமாகச் சுட வேண்டும் என்று கிடங்குக் கதவுகளைத் திறந்தே வைத்து, பட்டுப் பைகளில் இருந்த மருந்தை வெளியே குவித்துவிடும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. ஜெர்மானியர்களோ முக்கிய மருந்தைத் தீ எளிதில் எட்டாத பித்தளை உறையில் வைத்திருந்தார்கள்.

சில சோதனைகளில் ஒன்றும் ஆகவில்லை என்றால் பயமில்லை என்று முடிவுகட்டுவது கடைசித் தவறு. 1989இல் அமெரிக்காவின் 'அயோவா' கப்பலில், பீரங்கிக் கோபுரம் ஒன்றுக்குள் மருந்து பற்றி 47 பேர் இறந்தனர். மருந்துப் பையைக் குழாய்க்குள் அளவுமீறி வேகமாகத் தள்ளியதில் துண்டுகள் உடைந்து பொறி கிளம்பியிருக்கலாமோ என்று அமெரிக்க அரசின் சாண்டியா ஆய்வகத்தார் சந்தேகித்தார்கள். அடுத்த ஆண்டு கடற்படையே மருந்துப் பைகளின்மேல் பளுவை வைத்து, எஃகுத் தகட்டில் விழவைத்துச் சோதித்தது. 17 முறை ஒன்றுமில்லை. 18ஆவது முறை பற்றிக்கொண்டது. அதற்குள், ஒரு மாலுமி வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும் என்று கடற்படை அறிக்கையே வெளியிட்டிருந்தது. 1991இல்தான் அவருடைய குடும்பத்திடம் வருத்தம் தெரிவித்தது.